இலை பார்க்கப் போவதாக இருந்த மருது

மருதண்ணன் என் கடைக்கு முதலில் வந்தது ஒரு டாக்டர் சீட்டை ஸ்கேன் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பத்தான். மதுரை பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாம் போட்டுக் கொடுப்பேன். வந்தவர் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் படியிலேயே நின்றார். "உள்ள வாங்கண்ணே, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உள்ளே வந்தார். அப்போதும் உட்காரவில்லை.

அவருக்கு நாற்பத்தாறு வயது. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு காலனியில் வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்து, கடலை பிடுங்கிப் பிழைத்தவர்கள். இவர் பரவை மார்க்கெட்டில் பதினைந்து வருடம் மூட்டை இறக்கினார். ஒரு நாள் லாரியிலிருந்து விழுந்துவிட்ட கூட்டாளி ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர், அங்கே வார்டு வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "மூட்டை தூக்குறது வேற, மனுசனத் தூக்குறது வேற தங்கச்சி. இடுப்புல கை கொடுக்கிறதுக்கு முன்னாடி, தூக்கப்போறேன்னு சொல்லணும். சொல்லாமத் தூக்குனா பயந்துக்குவாக" என்பார்.

அவர் பார்த்துக்கொண்டது எங்கள் தெருக் கோடியில் இருந்த வெள்ளைத்துரை ஐயாவை. நெடுஞ்சாலைத் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. அவரும் உசிலம்பட்டிப் பக்கம்தான். நிலபுலன் உள்ள குடும்பம். மகன் ஜெயபாண்டி டல்லாஸில், மகள் திவ்யா நியூ ஜெர்சியில். மனைவி பாண்டியம்மாள் இறந்த எட்டாம் மாதம் ஐயாவுக்கு வாதம் அடித்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும். மற்றபடி நினைவு, கோபம், நக்கல் எல்லாம் அப்படியே இருந்தன.

மருதண்ணன் அவரைக் குளிப்பாட்டினார், துடைத்தார், டயப்பர் மாற்றினார், இட்லியைப் பிய்த்து வாயில் ஊட்டினார். ஆனால் அந்த வீட்டில் அண்ணனுக்கு என்று ஒரு டம்ளர் கொல்லைப்பக்க ஜன்னலில் தனியாக இருந்தது. சாப்பாடும் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். சமைக்கிற முருகம்மாள் அக்கா அப்படியே வைத்தார், இவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். ஐயா வைக்கச் சொன்னாரா என்றும் யாரும் கேட்டதில்லை.

கப்பல் பேச்சு ஒரு பொங்கலன்று ஆரம்பித்தது. திவ்யா வீடியோ காலில் வந்து சொன்னது. அம்மா போன பிறகு குடும்பம் ஒன்றாகக் கூடவே இல்லை, அதனால் அக்டோபரில் எல்லோரும் சேர்ந்து ஒரு கப்பலில் போகலாம். பாஸ்டனில் ஏறினால் கனடா கரையோரமாக மேலே போய்த் திரும்பும், பத்து நாள். அந்தச் சமயத்தில் அங்கே மரமெல்லாம் இலை உதிர்வதற்கு முன்னால் சிவப்பும் மஞ்சளுமாக மாறும், மலை மலையாக அப்படி நிற்குமாம்.

"இலையப் பாக்கவா?" என்றார் ஐயா. "நம்ம ஊரு வாதாங்கொட்டை மரத்துலயும்தான் இலை செவந்து விழுகுது. கூட்டித் தள்ள ஆளில்ல."

"அப்பா, அது ஒரு மரம். இது ஊரே அப்படி. நீங்க ரோடு போட்டப்ப எம்புட்டு மரம் நட்டிருப்பீங்க? உங்களுக்குப் பிடிக்கும்ப்பா."

ஐயாவுக்கு அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தது. மனைவியோடு ஒரு முறை போய் வந்திருக்கிறார். ஆனால் இப்போது அவரைத் தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும். ஜெயபாண்டிதான் யோசனை சொன்னார். "மருதுவையும் கூட்டிட்டு வந்துருவோம். மொதல்ல அமெரிக்க விசா எடுப்போம், அது கிடைச்சதும் கனடாவுக்குப் போட்டுக்கலாம்."

மருதண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஐயாவால் போனைப் பிடிக்க முடியாது என்பதால் எல்லாப் பேச்சும் அவர் கையில்தான் நடக்கும். தன் பெயரைக் கேட்டதும் கை ஆடிப்போய் ஐயா முகம் திரையை விட்டுப் போய்விட்டதாம். "போனை ஒழுங்காப் புடிடா, இப்பவே கடல் ஆடுது" என்று ஐயா சிரித்தார். வாதம் வந்ததிலிருந்து அவர் சிரித்து முருகம்மாள் அக்கா பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலையில் அண்ணன் என் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். "தங்கச்சி, பாஸ்போர்ட்டு எடுக்கணும். எனக்கு."

அது லேசில் முடியவில்லை. ஆதாரில் மருது, ஐந்தாம் வகுப்பு சான்றிதழில் மருதமுத்து, ரேஷன் கார்டில் மருதன். பிறந்த தேதி கேட்டால் "நல்ல மழை வருசம்னு அம்மா சொல்லும்" என்றார். எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவர நான் மூன்று மாதம் அலைக்கழிந்தேன். அவர் என்னைவிட அதிகம் அலைந்தார். விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏட்டையா கேட்டிருக்கிறார், "என்னப்பா, துபாய்க்கா?"

"இல்லீங்க. இலை பாக்கப் போறேங்க."

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். இதைச் சொல்லும்போது அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

விசா விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். "அண்ணே, நீங்க எப்பவாவது ஆயுதப் பயிற்சி எடுத்திருக்கீங்களா?"

"அருவா தெரியும். கருவேலம் வெட்டியிருக்கேன்."

"இல்லைன்னு போடறேன். ஆள் கடத்தியிருக்கீங்களா?"

"ஐயாவ பாத்ரூமுக்குக் கொண்டுபோறதத் தவிர எதுவுமில்ல."

இதற்கிடையில் திவ்யா கப்பல் அறையின் படத்தை அனுப்பியிருந்தது. எத்தனை அடி நீளம், கட்டிலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி, குளியலறைக் கதவு எவ்வளவு அகலம் என்று எல்லாம் அதில் இருந்தது. நான் பெரிய தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் அளவு டேப்பும் சாக்பீஸும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு மத்தியானம் ஏதோ தாளைக் கொடுக்க நான் அந்த வீட்டுக்குப் போனபோது ஹால் தரையில் அந்த அறை முழுசாக வரையப்பட்டிருந்தது. கட்டில் இருக்கும் இடத்தில் மெத்தை. குளியலறை வாசலுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள். நிலைப்படி உயரம் தெரிய ஒரு செங்கல்.

"ஐயா, தூக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் அவரை மெத்தையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றினார். கோட்டைத் தாண்டாமல் நாற்காலியைத் திருப்பி, செங்கல் மேல் ஏற்றி, இறக்கினார். ஒரு சக்கரம் கோட்டுக்கு வெளியே போனது.

"சுவத்துல இடிச்சுட்டடா" என்றார் ஐயா. "மறுபடி."

ஏழு தடவை செய்தார்கள். ஏழாவது தடவை சக்கரம் உள்ளேயே திரும்பியது. ஐயா இடது கையால் டிவி இருந்த பக்கத்தைக் காட்டி, "அந்தப் பக்கம் கடல். ஜன்னல் அங்க வரும். என்னை அந்தப் பக்கம் பாக்கப் போடணும்" என்றார் என்னிடம். பழைய சைட் இன்ஜினியர் குரல் அது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற அண்ணனின் முகத்தை நான் பார்த்தேன். அம்புட்டு சந்தோசமாக ஒரு மனிதனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசை விஷயம் மட்டும் இடையில் ஒரு முறை வந்தது. கப்பலில் ராத்திரி விருந்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு வட்ட மேசை, ஒவ்வொருவர் பெயரும் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள் என்று திவ்யா சொன்னது. "மருதண்ணே, உங்க பேரும் இருக்கும்." போனை அணைத்த பிறகு ஐயா, "கரண்டியில சாப்புடத் தெரியுமாடா உனக்கு?" என்றார். "பழகிக்கிறேங்கய்யா." "பழகிக்க. மானத்த வாங்காத." அன்றிலிருந்து அண்ணன் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைக் கரண்டியில் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தார் என்று முருகம்மாள் அக்கா சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் ஊருக்குப் போய் வருவார். மனைவி தங்கப்பொண்ணு முதலில் நம்பவில்லை. "ஏய்யா, உதிரப்போற இலையப் பாக்கவா இம்புட்டு தூரம் போவாக? உன்னைய வேற எதுக்கோ கூட்டிட்டுப் போறாக" என்றிருக்கிறார். பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு அவரே காலனி முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்துவீட்டுக்காரர்கள் வந்து பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். மகள் முத்துமீனா கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் தன் வாட்ஸ்அப்பில் அப்பாவின் பாஸ்போர்ட் படத்தைப் போட்டு, எல்லோரையும் பார்க்க வைத்தாள்.

ஆகஸ்டில் சென்னையில் நேர்காணல். இரண்டு நாளைக்கு வேறு ஆளை வைத்துவிட்டு வைகை எக்ஸ்பிரஸில் கிளம்பினார். நான் தாள்களை ஃபைலில் வரிசையாக வைத்துக் கொடுத்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணே. பயப்படாதீங்க. உண்மையச் சொல்லுங்க" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், அவர் பக்கத்தில் தமிழில் கேட்க ஒரு பெண். என்ன வேலை, எத்தனை வருடம், வெளிநாடு போயிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டார். பிறகு அந்தப் பெண் கேட்டது. "அவரோட மகனும் மகளும் அங்கதானே இருக்காங்க. பத்து நாள் அவங்களே பாத்துக்க முடியாதா?"

"முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "அவங்களுக்குப் பழக்கம் இல்லீங்க" என்றார்.

வெள்ளைக்காரர் எதையோ தட்டினார். பாஸ்போர்ட்டோடு ஒரு தாள் வெளியே வந்தது. அவ்வளவுதான். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை என்றார்.

அந்தத் தாளை நேராக என் கடைக்குக் கொண்டுவந்தார். நான் படித்துப் பார்த்தேன். "நீங்க அங்க போனா திரும்பி வருவீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரலையாம்ணே."

"நான் வேற எங்க போகப் போறேன்? ஞாயித்துக்கிழமை பஸ்ஸு தவறுனாலே தங்கப்பொண்ணு போன் மேல போன் போடுவா" என்றார். பிறகு, "பழக்கமில்லன்னு சொன்னது தப்போ தங்கச்சி? உடம்பு முடியாதவகன்னு சொல்லியிருக்கணுமோ?"

"உங்க தப்பு இல்லண்ணே. அவங்க அந்தக் கேள்வி கேட்காட்டியும் இதேதான் ஆகியிருக்கும்." உண்மையில் எனக்குத் தெரியாது. மறுபடி விண்ணப்பிக்கத் தேதி பார்த்தேன். அக்டோபர் தாண்டித்தான் இருந்தது.

அந்த ஞாயிறு ஜெயபாண்டியும் திவ்யாவும் சேர்ந்து காலில் வந்தார்கள். அண்ணன் வழக்கம்போல் போனைப் பிடித்தபடி நின்றார்.

திவ்யா ஜெயபாண்டியிடம் மெதுவாக ஆரம்பித்தது. "அண்ணா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து மேனேஜ் பண்ண முடியாதா? பத்து நாள்தானே."

"எனக்கு டிஸ்க் பிரச்சினை இருக்கு, தெரியும்ல. தூக்குறது மட்டுமில்ல திவ்யா. பாத்ரூம், டயப்பர்... அதெல்லாம் நீ செய்வியா?"

திவ்யா மூக்கைத் துடைப்பது மட்டும் கேட்டது.

"அங்க ஆள் வைக்கிறதெல்லாம் ஆகுற காரியமில்ல. கேன்சல் பண்ணாலும் எதுவும் திரும்பி வராது. பிள்ளைங்களும் லீவு போட்டாச்சு" என்றார் ஜெயபாண்டி. "அப்பா, அடுத்த வருசம் கண்டிப்பாப் போறோம். சரியா?"

எல்லாம் ஐயா காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "போயிட்டு வாங்கப்பா. எனக்கென்ன, இலைதானே" என்றார்.

கால் முடிந்தது. அண்ணன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் திரும்பினார். ஐயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தடா கேட்டான் அங்க?"

"ஏதேதோ கேட்டாகங்கய்யா."

"நீ என்னத்தச் சொல்லித் தொலைச்ச?"

நடந்ததைச் சொன்னால் மகனையும் மகளையும் பற்றித்தான் சொல்ல வேண்டும். "ஏதோ தப்பாச் சொல்லிட்டேங்கய்யா" என்றார் அண்ணன்.

"உன்னாலதான்டா போச்சு. பேசத் தெரியாத பயல அனுப்பி வச்சேன் பாரு."

அதற்குப் பிறகு ஐயா அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் முருகம்மாளைக் கூப்பிடுவார். முருகம்மாள் அண்ணனைக் கூப்பிடுவார். அண்ணன் வந்து, "ஐயா, தூக்கப்போறேன்" என்பார். ஐயா கண்ணை மூடிக்கொள்வார். இப்படியே ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை.

"விட்டுட்டுப் போயிருங்கண்ணே, வேற வீடா இல்ல?" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"புது ஆளு வந்தா சொல்லாமத் தூக்குவான்" என்றார்.

ஊரிலும் நிம்மதி இல்லை. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்களெல்லாம் "எப்ப மாப்ள கெளம்புற?" என்று கேட்டார்கள். முதல் சில வாரம் தள்ளிப்போயிருக்கு என்றார். பிறகு ஞாயிறு இருட்டோடு போய், யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் இருந்துவிட்டு வர ஆரம்பித்தார். முத்துமீனா அந்தப் படத்தை எடுத்துவிட்டாள். அவளிடம் யார் என்ன கேட்டார்கள் என்று அவள் சொல்லவே இல்லை.

அக்டோபரில் படங்கள் வந்தன. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. ஒரு காலையில் கப்பலிலிருந்தே திவ்யா கூப்பிட்டது. அண்ணன் போனை ஐயா முகத்துக்கு நேரே பிடித்தார். பேரப்பிள்ளைகள் குளிர் கோட்டில் குதித்தன. பின்னால் மலை. அடியிலிருந்து உச்சிவரை தீப்பிடித்த மாதிரி சிவந்து நின்றது. தண்ணீரிலும் அதே சிவப்பு. அண்ணன் தன்னை மறந்து, "ஆத்தாடி" என்றுவிட்டார்.

"தெரியுதாப்பா? அழகா இருக்கா?"

படம் நின்று நின்று வந்தது. ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த மேசையில என் பேரு அட்டை வச்சாங்களா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அது சரியாகக் கேட்கவில்லை. "என்னப்பா? சத்தமாச் சொல்லுங்க" என்றது திவ்யா. ஐயா தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன்தான் "சிக்னல் இல்லம்மா, அப்புறம் பேசுறோம்" என்று சொல்லி அணைத்தார்.

அன்றிலிருந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவரை ஐயா வேண்டாம் என்றார். சாப்பாடும் பாதியானது. இடது கையை அசைப்பதும் குறைந்தது. டாக்டர் சீட்டை நான் ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

டிசம்பரில் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். பத்து நாள் இருந்தார்கள். அப்பாவை அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவானது. இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் உண்டு, டாக்டர் உண்டு. அங்கேயே ஆட்கள் இருப்பதால் மருது தேவையில்லை. திவ்யா மருதண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஜெயபாண்டி நல்ல மனுசன் மாதிரிதான் நன்றி சொன்னார். யார் மேலும் கோபப்பட அண்ணனுக்கு வழி கிடைக்கவில்லை.

கிளம்பும் நாளில் ஐயாவைக் காரில் ஏற்றியது அவர்தான். தூக்கப்போறேன் என்றார், தூக்கினார், பெல்ட் போட்டுவிட்டார், வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார். ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த இல்லத்துக்குப் பார்க்கப் போனார். வாசலில் நோட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். உறவு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துவிட்டு வாட்ச்மேனே "தெரிந்தவர்" என்று எழுதிக்கொண்டார். உள்ளே ஐயா பாதியாகக் கிடந்தார். முதுகில் புண் வந்திருந்தது. இவரைப் பார்த்ததும், ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார். "வந்துட்டியா? தூக்கு. வீட்டுக்குப் போவோம்."

அண்ணன் கையை நீட்டினார். அங்கே இருந்த பணியாள், "வெளியாளு தொடக்கூடாதுங்க, எங்களத்தான் கேப்பாங்க" என்றார். அண்ணன் கையை எடுத்துக்கொண்டார்.

"நீ என்னத்தடா சொன்ன, அந்த வெள்ளைக்காரன்கிட்ட?" என்று ஐயா மறுபடியும் கேட்டார்.

"நெனப்பில்லைங்கய்யா."

"பொய்யி" என்றார் ஐயா. அதற்குமேல் கேட்கவில்லை.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எதிர்ச்சுவரில் புதிதாக ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அண்ணன் பார்த்தார். கோட்டு போட்ட பழைய படத்தில் ஐயா. கீழே மகன், மகள், மருமகன், மருமகள், பேரன் பேத்திகள், பங்காளிகள் என்று நிறையப் பெயர்கள். தேதியைப் பார்த்தால் எல்லாம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. போஸ்டரின் ஒரு மூலை பசை விட்டுத் தொங்கியது. அதை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டிவிட்டார். நிற்கவில்லை, மறுபடி தொங்கியது.

அன்று மத்தியானம் போனில் என்னிடம் இதைச் சொன்னார். "என் நம்பரு அவககிட்ட இருந்துச்சே தங்கச்சி" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். ஐயா இறந்தது எனக்கும் அப்போதுதான் தெரியும். தெருக்கோடி வீட்டில் வேறு ஆட்கள் குடிவந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

திருப்பரங்குன்றத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் இப்போது வேலை பார்க்கிறார். அந்த வாத்தியாருக்கு நினைவே இல்லை. யார் தூக்குகிறார்கள் என்றும் தெரியாது. அன்று என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "துடைச்சுவிடுற நேரம், வாரேன்" என்று அண்ணன் போனை வைத்தார்.